பத்து வயதுக்குப் பத்து நல்ல காரியம்: பட்டியல் போடலாமா?

வாசகர் கேள்வி | 2 மார்ச் 2024, சனி

என் மகளுக்கு அடுத்த மாதம் 10 வயது நிறைகிறது. போன வருடம் இங்கே சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பலூன் கட்டி, 40 பேரைக் கூப்பிட்டு, கேக் வெட்டினோம். இந்த வருடம் அதெல்லாம் வேண்டாம், பத்து வயதுக்குப் பத்துப் பேருக்கு நல்லது செய்யப் போகிறேன் என்கிறாள். பட்டியலும் எழுதிவிட்டாள். வெளிநாட்டு ஊழியர்களுக்குப் பிரியாணி, உணவங்காடியில் மேசை துடைக்கும் ஆன்ட்டிக்குக் கோப்பி, அட்டை பொறுக்கும் பாட்டிக்குப் பணம், இப்படிப் போகிறது. இங்கே யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? எங்கே தொடங்குவது?

2 மார்ச், இரவு 10.40

செய்து பார்த்திருக்கிறேன். பிரியாணியை முதலில் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2019 ஏப்ரலில் எனக்கு 45 வயது. உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்குக்கு எதிரே புதிய அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் சன்னலைத் திறந்தால் மஞ்சள் தலைக்கவசங்கள்தான் தெரியும். பாதிப் பேர் நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள், பேச்சுக் குரல் மேலே வரைக்கும் கேட்கும். பிறந்தநாளுக்கு அவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது என்று முடிவு செய்தேன். 60 பொட்டலம் கோழி பிரியாணி, பொட்டலம் 5 வெள்ளி, 300 வெள்ளி ஆனது. சமையல்காரருக்கு அன்று மத்தியானம் ஒரு கல்யாண ஆர்டர் இருந்ததால் காலை 9 மணிக்கே கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டார். மேற்பார்வையாளர் என்னை உள்ளே விட்டது 1.30க்கு. அவர்கள் 12 மணிக்கே சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

ஆனாலும் எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். "ஹாப்பி பர்த்டே அக்கா" என்று சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்து மனம் நிறைந்து உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. காலை ஆறு மணிக்கு முன்னால் வெந்த சோறு அது. ராத்திரிக்கு என்று எடுத்து வைத்திருப்பார்களே! சமைத்த சாப்பாட்டை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது இங்கே விதி. கேட்டரிங் பொட்டலங்களில் நேரம் குறித்து ஒட்டுவதும் அதற்காகத்தான். ஓடினேன். வாசலில் இருந்த தம்பி ஒருவரிடம் சொன்னேன், யாரும் அதைச் சாப்பிட வேண்டாம் என்று.

அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பத்துப் பன்னிரண்டு பொட்டலம் மத்தியானமே வாசம் மாறிடுச்சுக்கா. ஓரமா வச்சிட்டோம். உங்க பிறந்தநாளாச்சே, சொல்ல மனசு வரல."

அவர்களின் அன்றாடச் சாப்பாடே விடியும் முன் சமைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, வேலையிடத்தில் வெயிலில் கிடந்து மத்தியானம் திறப்பதுதான். புளித்த சோற்றின் வாசம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் போய் இன்னொரு பை புளித்த சோறு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

3 மார்ச், ஞாயிறு

ஒன்று விட்டுப்போனது. அன்று சாயங்காலம் அந்தத் தம்பியிடம், வேறு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பழம்" என்றார்.

அவ்வளவுதான். கட்டிவரும் சாப்பாட்டில் சோறு இருக்கும், குழம்பு இருக்கும், பொரியல்கூட இருக்கும். பழம் இருக்காது. அடுத்த நாள் லிட்டில் இந்தியாவின் தேக்கா ஈரச்சந்தையில் வாழைப்பழமும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனேன். 300 வெள்ளியில் கால்வாசிகூட ஆகவில்லை.

9 மார்ச், சனி

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: என்ன வேண்டும் என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்?

உண்மை. நானும் அப்படித்தான் சொல்வேன். "என்ன வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் மனிதர்கள் கூசிப்போகிறார்கள். "ஆரஞ்சா, வாழைப்பழமா" என்று கேட்டால் பதில் வருகிறது. "காலையில் வரட்டுமா, வேலை முடிந்து வரட்டுமா" என்று கேட்டால் இன்னும் நல்ல பதில் வருகிறது. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், பத்து வயதில் கற்றுக்கொள்ளக் கூடியதுதான்.

கோப்பி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பக்கத்து உணவங்காடி நிலையத்தில் ஒரு சீன ஆன்ட்டி, எழுபதுக்கு மேல் இருக்கும். சில வருடங்களுக்கு முன்பு, என் பிறந்தநாள் என்று, கேட்காமலே ஒரு கோப்பி வாங்கி அவர் தள்ளுவண்டிப் பக்கத்தில் வைத்தேன். பால், சீனி எல்லாம் போட்ட கோப்பி. சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அரை மணி கழித்துப் பார்த்தேன், அப்படியே ஆறிப்போய் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், அவருக்குச் சர்க்கரை வியாதி, குடிப்பது பால், சீனி இல்லாத கோப்பி ஓ கோசோங் மட்டும், அதுவும் பத்து மணி இடைவேளையில்தான். வேலை நேரத்தில் உட்கார்ந்து குடித்தால் அவருக்குத்தான் தொந்தரவு.

இப்போது பத்து மணிக்குப் போனால் பால் இல்லாமல், சீனி இல்லாமல் ஒன்று வாங்கி வைக்கிறேன். பிறந்தநாளுக்கு மட்டும் என்று இல்லை. வாரம் ஒருமுறையாவது நடக்கிறது.

அதைவிட அவருக்கு உதவி எது என்று கேட்டால், நாம் சாப்பிட்ட தட்டை நாமே அடுக்கில் கொண்டுபோய் வைப்பதுதான். 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம் ஆகிவிட்டது. ஆனால் எப்படி வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. கசக்கிய டிஷ்யூவைக் கிண்ணத்துக் குழம்புக்குள் அமுக்கி வைத்தால் யாரோ விரலால்தான் எடுக்க வேண்டும். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு இருக்கிறது, மாற்றி வைத்தால் பிரித்துக் கழுவுபவர்களுக்கு இரட்டை வேலை. உங்கள் மகள் பத்துப் பேருடைய தட்டைச் சரியான அடுக்கில் வைத்தாலே ஒரு நல்ல காரியம் முடிந்தது.

10 மார்ச், ஞாயிறு

திருத்தம். தட்டைத் திருப்பி வைப்பது உணவங்காடி நிலையங்களில் கட்டாயமானது 2021 செப்டம்பர் 1 முதல். 2022 ஜனவரி 1 என்பது கோப்பிக் கடைகளுக்கு. சுட்டிக்காட்டிய தோ பாயோ வாசகருக்கு நன்றி.

12 மார்ச், செவ்வாய்

தட்டு பேச்சைப் படித்துவிட்டு என் கணவர் மரியாதை இயக்கத்தின் சின்னமான சிங்கா சிங்கத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். 1979இல் லீ குவான் இயூ மரியாதை இயக்கத்தைத் தொடங்கியபோது இவருக்கு ஏழு வயது. சிங்கா சிங்கம் வந்தது 1982இல். வகுப்பில் அந்தச் சிங்கத்தின் படம் ஒட்டாத பையன் கிடையாது என்கிறார். 1997இல் சிங்கப்பூர் கைண்ட்னஸ் மூவ்மென்ட் என்ற அன்பு வளர்க்கும் இயக்கம் வந்த பிறகு சிங்கா அங்கே போனது. இவர் கருத்து, அந்தக் காலத்தில் "தயவுசெய்து, நன்றி" என்று சொல்லப் பழக்கியதே பெரிய விஷயம் என்பது. நான் ஊரிலிருந்து வந்தவள். எங்களுக்கு யாரும் சுவரொட்டி ஒட்டிச் சொல்லவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் குடிக்காமல் போனால் பாட்டி தூங்க மாட்டாள். இரண்டும் வேண்டும் என்றுதான் படுகிறது. தெரியாதவரிடம் நன்றி சொல்ல என் பாட்டிக்கு வந்ததே இல்லை.

20 மார்ச், புதன்

இன்று என் மகனுக்கு 14. கேசரி கிண்டினேன்.

மன்னார்குடிப் பக்கம் நான் படித்த பள்ளியில் பிறந்தநாள் என்றால் கலர் டிரஸ், கையில் ஒரு பொட்டலம் மிட்டாய். வகுப்பு முழுக்கச் சுற்றி வந்து, பிறகு டீச்சர்களுக்கு, கடைசியாக மணி அடிக்கும் தாத்தாவுக்கு. யாரும் நமக்குப் பரிசு தர மாட்டார்கள். பிறந்தநாள்காரர்தான் கொடுக்க வேண்டும். கோவிலில் அர்ச்சனை, முடிந்தவர்கள் அன்னதானம். அதனால் "பிறந்தநாளுக்கு மற்றவர்களுக்குச் செய்வது" என்று இங்கே ஏதோ புதுசு மாதிரி எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். நம் வீட்டில் இருந்ததுதானே. பலூனும் பரிசுப் பொட்டலமும் வந்த பிறகு அது எங்கோ கீழே போய்விட்டது.

கேசரிக்கு வருகிறேன். எதிர்வீட்டு மலாய் அக்காவுக்கு இது நோன்பு மாதம். ஐந்து மணிக்குச் சூடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது சரியா என்று மகன் கேட்டான். அவனாகக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. ஏழேகால் தாண்டித்தான் நோன்பு திறப்பார்கள் என்பதால் ஆறரைக்குப் போனோம், மூடிபோட்ட டப்பாவில். நெய், ரவை, சீனி, முந்திரி, வேறு எதுவும் இல்லை என்று சொல்லிக் கொடுத்தான். கேக் என்றால் ஜெலட்டின் உண்டா, எசன்ஸில் மது உண்டா என்று யோசிக்க வேண்டும்.

எட்டு மணிக்கு டப்பா திரும்பி வந்தது, உள்ளே பேரீச்சம்பழமும் இரண்டு துண்டு குவே பலகாரமும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் வீட்டிலும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் பாட்டி அனுப்புவாள்.

21 மார்ச், வியாழன்

நோன்புக் கஞ்சி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் பக்கம் போய்க் கேளுங்கள். இந்திய முஸ்லிம்கள் வரும் பள்ளிவாசல்களில் நோன்பு மாதம் முழுக்கக் கஞ்சி ஊற்றுவார்கள், யார் என்று கேட்க மாட்டார்கள்.

31 மார்ச், ஞாயிறு

அட்டை பொறுக்கும் பாட்டிக்குப் பணம் என்று பட்டியலில் இருந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று வாரமாக நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்திலும் ஒருவர் இருக்கிறார். நான்கு புளோக்குகளைச் சுற்றி வருவார், சின்னத் தள்ளுவண்டி. ஒரு பிறந்தநாளில் சிவப்பு உறையில் 50 வெள்ளி வைத்து நீட்டினேன். வாங்கவில்லை. கோபப்படவும் இல்லை. என் கையை மூடிவிட்டு, பக்கத்தில் கிடந்த பெட்டியைக் காட்டி, ஒரு விரலால் ஒட்டுநாடாவைக் கிழிப்பதுபோல் செய்து காட்டினார். எனக்கு அவர் பேசும் ஹொக்கியன் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்ன பிறகுதான் புரிந்தது. அட்டை எடைக்குத்தான் விலை. ஒட்டுநாடாவைக் கிழித்து, பெட்டியைத் தட்டையாக்கி, ஈரம் படாமல் வைத்தால் அவர் குனிந்து நிமிரும் வேலை பாதி குறையும்.

அதிலிருந்து எங்கள் மாடியில் நாலு வீட்டுக்காரர்கள் இணையத்தில் வாங்கும் சாமான்களின் பெட்டிகளை நான் வாங்கி மடித்துக் கட்டிவைக்கிறேன். நடைபாதையில் அல்ல, வீட்டுக்குள். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. அத்துடன் காகிதக் குவியல் வாசலில் கிடப்பது யாருக்கும் நல்லதில்லை. புதனும் சனியும் காலை ஏழு மணிக்கு மின்தூக்கிப் பக்கம் இறக்கி வைத்தால் ஏழு பத்துக்கு வந்துவிடுகிறார்.

இதை எழுதும்போதே இன்னொரு பக்கமும் மனதில் ஓடுகிறது. எழுபது எண்பது வயதில் ஒருவர் அட்டை இழுக்கும் நிலையை நான் சௌகரியப்படுத்திக் கொடுக்கிறேனா? அவர் இழுக்க வேண்டியதே இல்லாமல் செய்வதல்லவா உதவி? இதற்கு என்னிடம் பதில் இல்லை. சமூக மன்றத்தில் ஒருமுறை சொன்னேன், விசாரித்துச் சென்றார்கள். அவருக்கு மகன் இருக்கிறார், வீடு இருக்கிறது, சும்மா உட்கார முடியாது என்கிறாராம். ஆனாலும் மழை பெய்யும் சனிக்கிழமைகளில் அந்த வண்டிச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது.

1 ஏப்ரல், திங்கள்

மேலே எழுதியதில், "அவருக்கு மகன் இருக்கிறார்" என்றது மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. அவர் வாயால் கேட்டதில்லை.

8 ஏப்ரல், திங்கள்

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருப்பதைப் படித்தீர்களா? சின்னப் பெண் பத்தில் ஆறுதான் செய்தாளாம். ஆறாவதைப் படித்துவிட்டு ரயிலில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் புளோக்கைக் கூட்டும் அண்ணன் புதுக்கோட்டைக்காரர். பெண் அவருக்கு ஒரு வாழ்த்து அட்டை எழுதியிருக்கிறாள். தமிழில். பள்ளியில் தமிழ்க் கட்டுரை என்றால் வயிறு வலிக்கிறது என்று சொல்லும் பெண்ணாம் அது. "எங்கல் இடத்தை சுத்தமாக வைப்பதற்கு நன்ரி" என்று எழுதி நீட்டியிருக்கிறாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "எங்கள்", "நன்றி" என்று பக்கத்தில் எழுதிக் காட்டி, "இப்பப் படி" என்றாராம். அப்புறம் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாராம். மறுநாள் காலை பள்ளிக்குப் போகும்போது, "பாப்பா, இன்னைக்கு ஒரு வார்த்தை" என்று கூப்பிட்டு "முற்றம்" கேட்டாராம். இப்போது தினமும் ஒரு வார்த்தை நடக்கிறதாம்.

அவள் அவருக்குக் கொடுக்கப் போனாள், கொடுத்துவிட்டும் வந்தாள். ஆனால் அவரிடம் பேனா இருந்தது, ஊரில் படித்த பத்து வருடப் படிப்பு இருந்தது. அதைக் கேட்பதற்கு இத்தனை நாள் ஒருவரும் இல்லை. நான் 2019இல் 60 பொட்டலத்தோடு போனபோது அவர்களில் ஒருவரிடமாவது பெயர் கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்கவில்லை.

20 ஏப்ரல், சனி

இன்று எனக்கு 50.

ரத்தம் கொடுப்பது என்று முடிவு செய்து உட்லண்ட்ஸிலேயே இருக்கும் ரத்த வங்கிக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போனேன். கேள்வித்தாள் நிரப்பினேன். அதில் வெளியூர்ப் பயணம் பற்றிக் கேட்கிறார்கள், ஊருக்குப் போய்வந்து சில மாதம் ஆகாதவர்கள் முதலிலேயே விசாரித்துவிட்டுப் போவது நல்லது. எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. விரலில் குத்திப் பார்த்தார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். எனக்கு 11.8.

அங்கே இருந்த தாதி மிகவும் அன்பாகச் சொன்னார், இன்று வேண்டாம், முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள் என்று. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். வருத்தமாக இருந்தது. அரை நூற்றாண்டு உடம்பு, கொடுக்கப் போன இடத்தில் "உனக்கே போதவில்லை" என்கிறது. எனக்குத் தெரிந்த நம் பெண்கள் பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டு, உடனே ஒரு டம்ளர் தேநீர். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர், சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ள விடாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். கேட்கவில்லை. இன்றிலிருந்து கேட்கிறேன்.

21 ஏப்ரல், ஞாயிறு

பழம் கொண்டுபோனேன். இந்த முறை எதிர்க் கட்டடம் இல்லை, அது முடிந்து குடும்பங்கள் குடிவந்துவிட்டன. 2019இல் பழம் கேட்ட அந்தத் தம்பி இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார், இப்போது துவாஸ் பக்கம் வேலை. ஞாயிறு தேக்காவுக்கு வருவார். முதலிலேயே கேட்டிருந்தேன். அவர் அறையில் 12 பேர், கொய்யாவும் வாழையும் போதும், ஆரஞ்சு உரிக்க நேரமில்லை என்றார். சரி, அப்படியே.

கொடுக்கும்போது படம் எடுக்கலாமா என்று இந்த இழையில் மற்றவர்களோடு ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. "கொடுக்கும்போது படம் எடுக்கவே கூடாது" என்று நானும் கண்டிப்பாக எழுதியிருந்தேன். இன்று அந்தத் தம்பியே, "அக்கா ஒரு போட்டோ, வீட்டுல காட்டணும்" என்றார். கேம்பல் லேன் முனையில் நின்று அவர் போனில் எடுத்தோம். கொய்யாப் பை தெரியாமல் பின்னால் வைத்துக்கொண்டார். அவர் அக்காவைப் பார்க்க வந்த தம்பியாகத்தான் அந்தப் படத்தில் இருக்கிறார். அதனால் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். யார் போனில், யார் கேட்டு, யாருக்குக் காட்ட எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் கேட்டேன், உங்கள் பிறந்தநாள் எப்போது என்று.

"எதுக்கா? பாஸ்போர்ட்ல இருக்கறதா, நெஜமா?"

பாஸ்போர்ட்டில் இருப்பது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. வயது நிறையாததால் மே மாதத்தில் ஒரு நாளைப் போட்டுவிட்டாராம். என் அப்பாவுக்கும் அப்படித்தான், ஊரில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்களாக இருப்பார்கள். நிஜத் தேதி எது என்றேன். "தெரியலக்கா. அம்மாகிட்ட கேட்டதே இல்ல." 15 வருடமாக இங்கே இருக்கிறார். கம்பெனியில் மே மாதம் ஒரு வாழ்த்துக் குறுஞ்செய்தி வருமாம். அதைப் படித்தால் வேறு யாருக்கோ வந்தது மாதிரி இருக்கும் என்றார்.

28 ஏப்ரல், ஞாயிறு

நேரமில்லை, பணமாகக் கொடுக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக. லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு திட்டம் என்று ஒன்று 2008 முதல் நடக்கிறது. வேலையில் அடிபட்டோ சம்பளப் பிரச்சினையிலோ சிக்கி, வேலையும் செய்ய முடியாமல் ஊருக்கும் போக முடியாமல் காத்திருக்கும் ஊழியர்களுக்கு இலவசச் சாப்பாடு. நடத்துவது வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு. நாம் தனியாகப் பொட்டலம் கட்டுவதைவிட, பசித்த நேரத்தில் சூடாகக் கிடைக்கும் அந்தச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுப்பது எவ்வளவோ மேல். கிவிங் டாட் எஸ்ஜி என்ற நன்கொடைத் தளத்தில் பிறந்தநாள் பெயரில் நிதிப் பக்கம் திறந்து, பரிசுக்குப் பதில் அங்கே போடுங்கள் என்று உறவினர்களிடம் சொல்லலாம். என் நாத்தனார் அப்படித்தான் செய்தாள்.

கையால்தான் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு: பூன் கெங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டவுனர் ரோட்டில் மத்திய சீக்கிய ஆலயம். லங்கர் என்ற இலவசச் சாப்பாடு யாருக்கும் உண்டு, தட்டுக் கழுவவும் யாரும் போகலாம். தலையை மூடிக்கொள்ள வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். ஞாயிறு போனால் கழுவ ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். வார நாளில் போனபோது நிஜமாகவே என் கைகள் தேவைப்பட்டன. பிறந்தநாள் வார நாளில் வந்தால் அரை நாள் விடுப்பு எடுங்கள்.

20 ஜூலை, சனி

ஹீமோகுளோபின் 13.1!

மூன்று மாதம் இரும்பு மாத்திரை, முருங்கைக்கீரை, சாப்பாட்டோடு எலுமிச்சை, தேநீர் இரண்டு மணி நேரம் தள்ளி. அதே ரத்த வங்கி, அதே நாற்காலி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முடிந்ததும் மைலோவும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு சீன இளைஞர், 16 வயதிலிருந்து கொடுக்கிறாராம், எத்தனையாவது முறை என்று மறந்துவிட்டது என்றார். அடுத்தது 12 வாரம் கழித்துத்தான். நாட்காட்டியில் குறித்துவிட்டேன். என் பிறந்தநாளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத ஒரு அக்டோபர் நாள்.

6 அக்டோபர், ஞாயிறு

இழையில் தூசி படிந்துவிட்டது, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துவாஸ் தம்பி இன்று தேக்காவில் பார்த்ததும் முதலில் சொன்னது, "அம்மாகிட்ட கேட்டேன்க்கா."

போனில் கேட்டதும் அவர் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு நிறுத்தாமல் அரை மணி நேரம் பேசினாராம். தீபாவளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. விடாத மழை. பலகாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருக்கும்போது வலி வந்தது. மருத்துவச்சியை அழைத்துவரப் போன அப்பா, வாய்க்காலில் தண்ணீர் ஏறியதால் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் வருவதற்குள் பக்கத்து வீட்டு ஆயாவே எல்லாம் பார்த்துவிட்டாள். அந்த வருடம் அவர்கள் வீட்டில் முறுக்கு சுடவில்லை. வருடம்தான் அம்மாவுக்குச் சரியாக நினைவில்லை.

"முப்பது வருசமா இது எனக்குத் தெரியாதுக்கா" என்றார்.

நான் உடனே போனில் நாட்காட்டியைத் திறந்தேன். இந்த வருடம் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். முந்தின செவ்வாய் என்றால் 29.

30 அக்டோபர், புதன்

நேற்று அவருக்கு வேலை முடிந்து, குளித்து, ரயில் பிடித்து வரும்போது ஒன்பதாகிவிட்டது. சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு, கூட்டம், நடக்க இடமில்லை. பழம் கொண்டுவரவா என்று போன வாரமே கேட்டிருந்தேன். "இந்தத் தடவை முறுக்கு" என்றார். சாயங்காலம்தான் சுட்டேன், மொறுமொறுப்பு போகாமல் டப்பாவில் அடைத்தேன். என் மகன் வந்தான். கேள்வி கேட்டவரும் அவர் மகளும்கூட வந்திருந்தார்கள். அந்தப் பெண் ஒரு அட்டை கொடுத்தாள், ஒரு எழுத்துப் பிழை இல்லை.

தம்பி அம்மாவுக்குக் காணொளியில் போன் போட்டார். இரைச்சலில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்து போனுக்கு முன்னால் காட்டினார். அந்த அம்மா திரையில் கையை நீட்டி வாங்குவது மாதிரி செய்தார்.

டப்பா அவரிடம்தான் இருக்கிறது. ஞாயிறு திருப்பித் தருகிறேன் என்றார்.

3 நவம்பர், ஞாயிறு

டப்பா வந்தது. உள்ளே நாலு கொய்யா.